முதல் இடுப்பு

லாண்டி கவுயிச்சின் வீட்டில் கட்டில் கிடையாது. இருந்ததே இல்லை. மெரிதா ஊரில் சான் செபாஸ்தியான் பக்கம் அவள் அப்பன் கட்டிவிட்டுப் போன நீளமான வீடு அது. ஒவ்வொரு அறைச் சுவரிலும் ஆள் உயரத்துக்கு இரும்புக் கொக்கிகள் பதித்திருக்கும். பொழுது சாய்ந்தால் கொக்கிக்குக் கொக்கி நூல்தூளியைக் கட்டுவார்கள், விடிந்தால் சுருட்டி ஓரத்தில் மாட்டிவிடுவார்கள். பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் தூளிதான் படுக்கை. முதுகில் பையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராய்த் திரிகிறவர்களுக்கு அந்தத் தூளிகளை வாடகைக்கு விட்டு லாண்டி பிழைத்து வந்தாள்.

அவளுக்கென்று மனுஷர் யார் என்று கேட்டால், தங்கச்சி மிர்னா ஒருத்தியைத்தான் சொல்ல வேண்டும். மிர்னாவுக்குப் பால்பல் விழுமுன்பே அம்மா போய்ச் சேர்ந்தாள், அப்பன் அடுத்த மழைக்குள் பின்னாடியே போனான். தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, வயதுக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொன்னது, கல்யாணம் செய்துகொடுத்தது எல்லாம் லாண்டிதான். நடுவில் அவளும் வில்பெர்த் என்று ஒருவனைக் கட்டிக்கொண்டாள். மூன்று முறை உண்டாகி மூன்றும் தங்கவில்லை. மூன்றாவது போன பிறகு வில்பெர்த்தும் தங்கவில்லை. நாலு தெரு தள்ளி இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தி, வரிசையாய்ப் பிள்ளை பெற்றான். தெருவில் எதிரே பட்டால் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைப்பான். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று இவளும் கேட்பாள்.

இப்போது மிர்னாவுக்கு ஒரு பெண் பிறந்திருந்தது. அரெலி என்று பெயர். தலைச்சன் பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்தவள், பிள்ளைக்கு மூன்றாம் மாதம் வரைக்கும் இங்கேயே இருந்துவிட்டாள். அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டும். உள்ளங்கால் இரண்டும் ரோஜா மொட்டு. கொட்டாவி விட்டால் மூஞ்சி முழுக்க வாயாகிவிடும். தும்மினால் தானே பயந்து, பிறகு யார் தும்மியது என்று சுற்றிலும் தேடும். லாண்டி அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு அதன் முகத்தைப் பார்க்க வருவாள், அடிப்பிடித்த வாசனை வந்தபிறகுதான் திரும்பிப் போவாள்.

ஆனால் அந்த வீட்டில் யாரும் பிள்ளையை இடுப்பில் வைக்கமாட்டார்கள். கையில் கிடைவாக்கில் ஏந்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாயா சனங்களுக்கு அது ஒரு கட்டு. பெண்ணுக்கு அடுப்பு, அடுப்புக்கு மூன்று கல், அதனால் பெண்பிள்ளைக்கு மூன்றாம் மாதம். அன்றைக்கு ஹெட்ஸ்மேக் என்று ஒரு சடங்கு செய்வார்கள். ஞானத்தாயாக நிற்கிறவள் பிள்ளையின் கால் இரண்டையும் விரித்து முதல்முறையாக இடுப்பில் உட்காரவைத்து, மேசையைச் சுற்றி வருவாள். அதற்குப் பிறகுதான் மற்றவர் இடுப்பு. முதலில் எவள் இடுப்பில் உட்கார்ந்ததோ அவள் சாகும்வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது தாய். முதல் தோடு அவள் போடுவாள். செத்தவர்கள் திருநாளுக்குப் பிள்ளையை அவள் வீட்டுக்கு அனுப்பவேண்டும். அவளைக் கேட்காமல் பிள்ளைக்கு எதையும் முடிவு செய்யமாட்டார்கள்.

அந்த இடுப்பு லாண்டியுடையது என்று பேச்சாகியிருந்தது. சும்மா ஆகவில்லை. மிர்னாவின் மாமியார் பிதேலியா ஆரம்பத்திலிருந்தே ஒப்பவில்லை. தூக்குகிறவளுடைய ராசியைத்தான் பிள்ளை வாங்கும், என் பேத்திக்கு இப்படி ஒரு வயிறு வேண்டாம், என் பெண்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள், ஒருத்தி நிற்கட்டும் என்று சர்ச் வாசலிலேயே சொன்னாள். மிர்னா விடவில்லை. என்னை வளர்த்தவள் அவள், நான் என்ன கெட்டா போனேன் என்று மல்லுக்கு நின்று அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தாள். சடங்கு ஞாயிற்றுக்கிழமை. அது முடிந்தால் மறுநாளே மிர்னாவின் புருஷன் காஸ்பர் வந்து, தாயையும் பிள்ளையையும் தான் வேலை பார்க்கும் கடற்கரை ஊருக்குக் கூட்டிப்போகிறான். மிர்னா போகிறாள் என்பதை லாண்டி ஒருவாறு தாங்கிக்கொண்டாள். ஞானத்தாய் ஆகிவிட்டால் பிள்ளை வந்துபோக ஒரு வழி இருக்கிறதே என்பதுதான் அவளுடைய தெம்பு.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் வடக்கே தூரத்திலிருந்து துராங்கோக்காரக் குடும்பம் ஒன்று வந்தது. புருஷன் ஒக்தாவியோ, பஸ் பட்டறையில் வேலை. பெண்டாட்டி ரெபேக்கா. ரெனாத்தா, பவுலா என்று இரண்டு பெண்கள். ஆளுக்கொரு முதுகுப்பை, சின்னவள் பையில் ஒரு துணிப்பொம்மையின் தலை வெளியே தொங்கியது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் வேலைநிறுத்தம், அந்தச் சாக்கில் கிளம்பிவிட்டார்களாம். மே மாதத்தில் புத்தியுள்ளவன் எவனும் மெரிதாவுக்கு வரமாட்டான். தார்ரோடு செருப்பில் ஒட்டும், நாய்கூட நிழலைவிட்டு நகராது. யாரும் வராததால் எல்லாம் மலிவு. மலிவு என்பதால் இவர்கள் வந்தார்கள்.

வடக்கத்திக்காரர்களைக் கண்டால் இந்த ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் இளக்காரம் உண்டு. தூளியில் கம்பு மாதிரி நேராகப் படுத்து, விடிந்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவார்கள். ஒக்தாவியோவும் வந்த ராத்திரியே தரையில் விழுந்தான். குறுக்காகப் படுக்கவேண்டும் என்று லாண்டி தானே படுத்துக் காட்டினாள்.

"விழுந்தது நீங்களா, முதுகுப்பையா? பை விழுந்தா இவ்வளவு சத்தம் வராதே" என்றாள்.

"எம் பெண்டாட்டி தள்ளிவிட்டாங்க்கா. சாட்சிக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்றான் அவன்.

நல்ல மனுஷர்கள். சோற்றுக்கடைப் பக்கம் போகமாட்டார்கள். சந்தையில் சோள ரொட்டியும் பழுத்த அவகாடோவும் வாங்கிவந்து லாண்டியின் முற்றத்து அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பஸ்ஸுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடிக்க, உச்சி வெயிலில் நடந்தே ஊரைச் சுற்றிவிட்டு அவித்த நண்டு மாதிரி திரும்பி வருவார்கள். அவர்கள் வந்த திங்கட்கிழமை, பன்றிக்கறி போட்ட அவரைக் குழம்பு எல்லா வீட்டிலும் கொதிக்கும் நாள். லாண்டி ஒரு சட்டியை அவர்கள் முன்னால் வைத்தாள். பெண்கள் இரண்டும் சட்டியை விரலால் வழித்தன. மறுநாளிலிருந்து ரெபேக்கா சொல்லாமலே துடைப்பத்தை எடுத்து முற்றத்தைப் பெருக்க ஆரம்பித்தாள். அரெலி அழுதால் முதலில் எழுந்து போகிறவளும் அவள்தான். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாடுவாள், விசிறுவாள். தூக்கமாட்டாள். ஊரார் பிள்ளையைக் கேட்காமல் தூக்கக்கூடாது என்று ஒதுங்கியிருந்தாள் போலிருக்கிறது. லாண்டிக்கு அதனாலேயே அவளைப் பிடித்துப்போயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மின்விசிறி நின்றது. காற்றாட வழியில்லாமல் வீடே ரொட்டி அடுப்பாகிவிட்டது. மிர்னா சடங்குக்குத் தைக்கக் கொடுத்த பூப்போட்ட சட்டையை வாங்கிவரப் போயிருந்தாள். அரெலி உடம்பெல்லாம் வேர்க்குரு, கத்திக் கத்தி முகம் சிவந்துபோனது. லாண்டி ஈரத்துணியால் துடைத்தாள், நடந்தாள், மறுபடி துடைத்தாள். அந்த நேரம் பார்த்து ஐஸ் வண்டியின் மணி தெருவில் கேட்டது. கரண்ட் போன நாளில் ஐஸ் வண்டி நின்றால் தெருவே ஓடும். கொஞ்சம் பிந்தினால் தண்ணீர்கூட மிஞ்சாது.

அடுப்படியில் ரெபேக்கா நின்றுகொண்டிருந்தாள். லாண்டி பிள்ளையை அவள் கையில் கிடைவாக்கில் கொடுத்தாள்.

"ஒரு நிமிஷம் வச்சுக்க ரெபேக்கா, இதோ வந்துடறேன்."

இடுப்பில் வைத்துவிடாதே என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. சொல்லவேண்டிய விஷயமாகவே அது அவளுக்குப் படவில்லை. கொதிக்கிற எண்ணெயில் கையை விடாதே என்று யாரிடமாவது சொல்லிவிட்டா வெளியே போகிறோம்? சடங்கு முடியாத பிள்ளையை இடுப்பில் வைக்கிற ஒரு மனுஷியை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

வரிசை நீளமாக இருந்தது. முன்னால் நின்றவளோடு ஒருத்தி சண்டை பிடித்தாள். லாண்டி வாளியில் ஐஸ் கட்டியோடு நடையைத் தாண்டி உள்ளே வந்தபோது பிள்ளையின் அழுகைச் சத்தம் இல்லை. தூங்கிவிட்டது என்று நினைத்தாள். முற்றத்துக்கு வந்தவள் நின்றாள்.

அரெலி ரெபேக்காவின் இடது இடுப்பில் உட்கார்ந்திருந்தது. கால் ஒன்று முன்னால், கால் ஒன்று பின்னால். ரெபேக்கா ஒரு கையால் அதன் முதுகை அணைத்துக்கொண்டு, மறுகையால் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு உலகம் முதல்முறையாக நிமிர்ந்து தெரிந்தது. அடுப்பைப் பார்த்தது, வாழைமரத்தைப் பார்த்தது, பவுலாவைப் பார்த்துச் சிரித்தது. சத்தம்போட்டுச் சிரிக்க அன்றைக்குத்தான் அது கற்றுக்கொண்டது. ஒக்தாவியோ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் பாரு கண்ணு, இந்தப் பக்கம் என்றான்.

"இடுப்புல வச்சதும் அழுகைய நிறுத்திட்டாக்கா" என்றாள் ரெபேக்கா. முகமெல்லாம் சந்தோஷம்.

லாண்டி வாளியைக் கீழே வைத்தாள். பிள்ளையை வாங்கினாள். பழையபடி கிடைவாக்கில் ஏந்திக்கொண்டாள். அரெலி உடனே வீறிட்டது.

அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. துராங்கோக்காரிக்கு அதன் அர்த்தம் தெரியாது. மிர்னா பார்க்கவில்லை, பிதேலியா பார்க்கவில்லை. பார்த்தது தான் ஒருத்திதான். தெரியாமல் நடந்தது கணக்கில் வராது, ஞாயிற்றுக்கிழமை முறைப்படி தூக்கினால் அதுதான் முதல் என்று அன்று சாயங்காலம் முழுக்கத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தப் படத்தை அழித்துவிடச் சொல்லலாமா என்று ஒக்தாவியோ பக்கம் இரண்டு தடவை போனாள். ஏன் என்று கேட்பான். காரணம் சொன்னால் விஷயம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

சனிக்கிழமை பூசணிவிதை வறுக்க, சோளமாவு பொடிக்க என்று பிதேலியா சாமான்களோடு வந்தாள். வேலை முடிந்து எல்லாரும் முற்றத்தில் காற்றாட உட்கார்ந்தார்கள். கரண்ட் வந்திருந்தது. விருந்தாளி கூச்சம் விட்டுப்போன ஒக்தாவியோ, வந்த இடத்துப் படங்களையெல்லாம் பிதேலியாவுக்குக் காட்டினான். பிரமிடு, கடல், நிலத்தடிக் குளத்தில் தன் பெண்கள் குதிக்கிற படம். பிதேலியா தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். லாண்டி எழுந்து நின்றாள், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"இதப் பாருங்கம்மா, இதுதான் நான் எடுத்ததுலயே நல்ல படம்" என்றான் அவன்.

பிதேலியா போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். நெடுநேரம் பார்த்தாள். அவள் கோபப்படவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. எப்போது எடுத்தது என்று மட்டும் கேட்டாள். நேற்று என்றான் அவன். போனை மிர்னாவிடம் நீட்டினாள்.

 ரொம்ப நல்லா இருக்கு என்று விருந்தாளிகள் முன்னால் மிர்னா சொல்லிவைத்தாள். அவர்கள் குளிக்கப் போனபிறகுதான் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"நீ எங்கக்கா இருந்த?"

"ஐஸ் வாங்கப் போயிருந்தேன்."

"வந்து பாத்தியா?"

லாண்டி பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யை எல்லாரும் நம்பியும் இருப்பார்கள்.

"பாத்தேன்" என்றாள்.

"பாத்துட்டு, நாளைக்கு ஒண்ணுமே தெரியாதவ மாதிரி எம் பிள்ளையத் தூக்கியிருப்பியா?"

"தூக்கியிருப்பேன்."

மிர்னாவின் கண் நிறைந்தது. உனக்காக நான் யார் யாரோடு சண்டை போட்டேன் என்று கேட்பாள் என்று லாண்டி காத்திருந்தாள். அவள் அதைக்கூடக் கேட்கவில்லை. பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிள்ளைக்கு ஆகாதது என்று தெரிந்தும் ஒருத்தி மறைத்தாள், அந்த ஒருத்தி நீ என்பதுதான் அவள் போன விதத்தில் இருந்தது.

பிதேலியா வறுத்த விதைகளை எடுத்துவைத்துக்கொண்டே சொன்னாள்: "உன்ன நான் குத்தம் சொல்லலம்மா லாண்டி. கொடுப்பினை இல்ல. நான் வேண்டாம்னேன், மிர்னா வேணும்னா, ரெண்டு பேரு பேச்சும் நிக்கல. எங்கிருந்தோ வந்தவளுக்கு எழுதியிருக்கு. ரெண்டு பிள்ளை பெத்தவ, நல்ல உடம்புக்காரி. பிள்ளைக்கு நல்லதுதான்."

தொடங்கியதை முடிக்காமல் விட்டால் பிள்ளைக்குக் கால் வளையும் என்று அவர்களுக்குப் பயம். ஆகவே எவள் தொடங்கினாளோ அவளே முடிக்கவேண்டும். ஞாயிறு காலையில் கிளம்ப முதுகுப்பை கட்டிக்கொண்டிருந்த ரெபேக்காவிடம் பிதேலியா போய்ச் சொன்னாள். நடந்த தப்பைச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைக்கு நீ ஞானத்தாயாக நிற்கவேண்டும், பிள்ளை உன்னிடம் ஒட்டிக்கொண்டது என்று மட்டும் சொன்னாள். ரெபேக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். வாடகைத் தூளிக்கு வந்த தன்னை இப்படி மதிக்கிறார்களே என்று அவளுக்குத் தாளவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

"லாண்டியக்கா நிக்கலையா?" என்று ஒருதரம் கேட்டாள்.

"அவளுக்குச் சமையல் வேலை இருக்கு" என்றாள் பிதேலியா.

சடங்கு முறை அந்த வீட்டில் லாண்டிக்குத்தான் முழுதாகத் தெரியும். மூன்று மாதமாய் அதைத்தானே மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். அவளேதான் ரெபேக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் இந்தப் பக்கமாக ஒன்பது சுற்று, பிறகு எதிர்ப்பக்கமாக ஒன்பது. எண்ணிக்கை தவறாமலிருக்க ஒன்பது விதைகள், சுற்றுக்கு ஒன்றாய்த் தட்டில் நகர்த்தவேண்டும். அவித்த முட்டை ஒரு துணுக்கு, புத்தி திறக்க. சோளமாவு ஒரு சிட்டிகை, படித்தது நினைவில் நிற்க. ஊசி, கத்தரி, பென்சில் என்று ஒவ்வொன்றாய்ப் பிள்ளையின் கையில் வைத்து இது எதற்கு என்று அதன் காதில் சொல்லவேண்டும்.

ரெபேக்கா பயபக்தியாகத்தான் செய்தாள். நாலாவது சுற்றில் திசை மாறித் திரும்பிவிட்டாள். சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, லாண்டி போய் அவள் தோளைத் தொட்டுச் சரியான பக்கம் திருப்பிவிட்டாள். அரெலி புதுச்சட்டையில் அந்த இடுப்பில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. பென்சிலை வாயில் வைத்தது. எல்லாரும் சிரித்தார்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற லாண்டியும் சிரித்தாள், பிள்ளை அப்படி இருந்தது.

சாப்பாடு முடிந்து அந்தக் குடும்பம் பையைத் தூக்கியது. தெற்கே மலைப்பக்கம் போகிறார்களாம், அங்கே குளிராக இருக்குமாம், தங்க இடம் இன்னும் பார்க்கவில்லையாம். ரெபேக்கா அரெலியை முத்தமிட்டு முத்தமிட்டுத் தீரவில்லை. அடுத்த வருஷம் கட்டாயம் வருவோம் என்றாள். துராங்கோ எங்கே இருக்கிறது என்று பிதேலியாவுக்குத் தெரியாது. முதல் தோடு யார் போடுவார்கள், திருநாளுக்குப் பிள்ளை எந்த வீட்டுக்குப் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாசலில் நின்று கையசைத்தார்கள். பவுலாவின் பொம்மைத்தலை ஆடிக்கொண்டே தெரு திரும்பியது.

லாண்டி பின்கட்டில் பாத்திரங்களைக் குவித்துப்போட்டுத் தேய்த்தாள். காஸ்பர் காலையிலேயே வந்துவிடுவான். மிர்னாவின் துணிப்பெட்டி நடையில் தயாராக நின்றது. கொஞ்சம் கழித்து மிர்னா பிள்ளையோடு பின்கட்டு வாசலில் வந்து நின்றாள். நேற்றிலிருந்து அக்காவோடு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இனிமே யாரு வேணாலும் இடுப்புல வச்சுக்கலாங்க்கா. ஆசைப்பட்டியே, தூக்கிக்க."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. சமாதானமாகத்தான் சொன்னாள்.

"கையெல்லாம் ஈரம்" என்றாள் லாண்டி. "சோப்பு வேற."

"தொடச்சிக்கிட்டு வா."

மிர்னா ஒரு கணம் நின்றாள். முன்கட்டிலிருந்து நாத்தனார்கள் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

லாண்டி கையைக் கழுவினாள். பாவாடையில் துடைத்தாள். இன்னும் ஈரமாக இருப்பதுபோல் தோன்ற, கொடியில் காய்ந்த துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள். முன்கட்டு நிலைப்படிக்கு வந்தபோது பிதேலியாவின் பெண்கள் ஐந்து பேரும் வட்டமாக நின்று அரெலியை இடுப்பிலிருந்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கொஞ்சுவாள், அடுத்தவள் எனக்கு எனக்கு என்று பிடுங்குவாள். பிள்ளைக்கு ஒரே குஷி. எல்லா இடுப்பும் அதற்கு ஒன்றுதான்.

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. லாண்டி கொஞ்சநேரம் நின்றாள். பிறகு, துராங்கோக்காரர்கள் அறைக்குப் போய் நாலு தூளிகளையும் கொக்கியிலிருந்து கழற்றினாள். வேர்வை நாற்றம் போகத் துவைத்துப் போடவேண்டும். நாளைக்கு யாராவது வருவார்கள்.